முதற்பதிப்பும் எதிர்ப்பின் தடயமும்: டேனியல் பெரிகன் நாடகத்தை முன்வைத்து

போர் எதிர்ப்பைச் சமயக் கடமையாகக் கொண்ட நூல்களின் முதற்பதிப்புகள் இன்று பழைய புத்தகச் சந்தையில் சேகரிப்புப் பொருள்களாகியுள்ளன. கையொப்பமும் குலையாத மேலுறையும் அவற்றின் விலையை உயர்த்துகின்றன. இம்மதிப்பீடு ஆய்வுக்குப் பொருந்துமா என்பது வினாவிற்குரியது. அமெரிக்க இயேசு சபைத் துறவியும் கவிஞருமான டேனியல் பெரிகனின் ‘கேட்டன்ஸ்வில் ஒன்பதின்மர் வழக்கு’ என்னும் நாடகம் இதனை ஆராயத் தக்க சான்றாகும்.

1968 மே 17 அன்று மேரிலாந்து மாநிலத்தின் கேட்டன்ஸ்வில்லில், பெரிகன் உள்ளிட்ட கத்தோலிக்கர் ஒன்பதின்மர் வியட்நாம் போருக்கான கட்டாய ஆள்சேர்ப்புக் கோப்புகள் 378ஐ எரித்தனர். அவ்வழக்கின் நீதிமன்றப் பதிவுகளிலிருந்து உருவான நாடகம் 1970இல் நூலாக வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் சிறை செல்ல மறுத்துத் தலைமறைவாகி, ஆகஸ்டில் கைதானார். முதற்பதிப்பை வெளியிட்டது யூனிடேரியன் சார்புடைய பீக்கன் பதிப்பகம். 2004ஆம் ஆண்டு மறுபதிப்போ இயேசு சபை மரபைச் சார்ந்த ஃபோர்டம் பல்கலைக்கழகத்தின் வெளியீடு. பனுவல் ஒன்றாயினும், சமயப் பிரிவுகளைக் கடந்த போர்க்கால உறவை முதற்பதிப்பின் தலைப்புப் பக்கமே காட்டுகிறது.

எனினும் கைபடாத படியையே உயர்வாகக் கருதும் சேகரிப்பு நெறி இந்நூலின் இயல்புக்கு முரணானது. நாடகம் நடிப்பதற்குரியது. அடிக்கோடுகளும் ஒத்திகைக் குறிப்புகளும் கொண்ட படியைச் சந்தை பழுதுற்றதாகத் தள்ளும். காலம் உறுதிசெய்யப்படுமாயின், வாசிப்பு வரலாற்றுக்கு அதுவே முதன்மைச் சான்று. ஆகவே ஆய்வு நூலகங்கள் தூய படியோடு பயின்ற படியையும் பேணுதல் வேண்டும்.