கை உயர்த்த உரிமையில்லாத உறுப்பினர்

உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்தும் சட்டத்திருத்தங்களைத் தமிழகச் சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. குறை சொல்பவர்களுக்கு அன்று முதல் ஒரே பதில்தான் கிடைக்கிறது: இது முதல் படி, ஏறத் தொடங்கும்போதே குற்றம் காணாதீர்கள். இந்தப் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டத்தின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது நகர்ப்புற உள்ளாட்சிகளில் பொறுப்பில் இருந்த மாற்றுத்திறனாளிகள் 35 பேர்தான் என்று அரசே சொன்னது. இனி மாநகராட்சி முதல் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் வரை ஒவ்வொரு மன்றத்திலும் அவர்களுக்கு இருக்கை உண்டு. மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் போராடிக் கேட்டது இது. 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், காது கேளாத, வாய் பேச இயலாதவர்களை உறுப்பினராகத் தகுதியற்றோர் பட்டியலில் வைத்திருந்தது. அங்கிருந்து அளந்தால் வந்திருக்கும் தொலைவு பெரிது.

ஆனால் நியமன உறுப்பினர் கூட்டத்தில் பேசலாம், வாக்களிக்க முடியாது. நகர மன்றங்களைப் பொறுத்தவரை அரசமைப்பின் 243ஆர் பிரிவே நியமன உறுப்பினருக்கு வாக்கை மறுக்கிறது. ஊராட்சிகளுக்கும் அதே ஏற்பாடுதான்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருநாவலூர் ஒன்றியத்தில் இருப்பவர்களுக்கு இது ஏட்டளவு விவாதம் அல்ல. சட்டம் நிறைவேறியபோது 28 மாவட்டங்களின் ஊரக மன்றங்கள் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வசம் இருந்தன. 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களில் மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் உயிரோடு இருந்தன. அவற்றில் கள்ளக்குறிச்சியும் ஒன்று.

இந்த ஒன்றியத்து ஊராட்சி ஒன்றில், காது கேளாத பெண் ஒருவர் நியமிக்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைவர் பேசுகிறார், செயலர் தீர்மானங்களை வாசிக்கிறார், குடிநீர்க் குழாய்க்காக இரண்டு வார்டு உறுப்பினர்கள் மோதிக்கொள்கிறார்கள். சைகைமொழி பெயர்ப்பாளர் கிடையாது. அந்தப் பெண்ணுக்குத் தெரிவதெல்லாம் உதட்டசைவுகள். கூட்டப்பொருளை முந்தின நாளே வீட்டில் மகளோ தங்கையோ சைகையில் விளக்கியிருந்தால், அவர் யாருடைய உதவியும் இல்லாமல் முழுமையாகப் பங்கேற்கக்கூடிய ஒரே இடம் வாக்கெடுப்புதான். யார் கை உயர்ந்தது, யார் கை உயரவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துத் தம் கையையும் உயர்த்த முடியும். அதற்குக் குரலும் வேண்டாம், மொழிபெயர்ப்பாளரும் வேண்டாம். சட்டம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தக் கையை. விட்டுவைத்திருப்பது பேச்சுரிமையை. சக்கர நாற்காலியில் வருபவருக்கோ பார்வையற்றவருக்கோ அது பாதி உரிமை. இந்தப் பெண்ணுக்கு அது உரிமையே அல்ல.

மொழிபெயர்ப்பாளர் பிறகு வருவார், வாக்கும் ஒருநாள் வரும் என்கிறார்கள். வரிசையே தலைகீழாக இருக்கிறது. ஓர் ஊராட்சியில் வார்டு உறுப்பினர்கள் ஐந்து முதல் பதினைந்து பேர். துணைத் தலைவர் தேர்தலில் ஒற்றை வாக்கு ஆளை மாற்றிவிடும். அந்த வாக்கு ஒரு காது கேளாத பெண்ணின் கையில் இருந்தால், இரண்டு தரப்பும் அவர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரும். சைகைமொழி தெரிந்தவரை எங்கிருந்தாவது அவர்களே அழைத்துக்கொண்டு வருவார்கள். வாக்கில்லாதவருக்காக யார் அலைவார்கள்?

திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். பார்வை போனபின் திருவெண்பாக்கத்தில் அவர் சிவனிடம் கேட்டது கண், கிடைத்தது ஊன்றுகோல். அதைப் பெற்றுக்கொண்டு அவர் அடங்கிவிடவில்லை. காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண் என்று வாங்கும்வரை உரிமையோடு கேட்டார். நம் சங்கத் தலைவர்கள் சிலர் ஊன்றுகோலுக்கே நன்றிக்கூட்டம் நடத்துவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

நன்றி என்ற இடத்தில்தான் நியமனத்தின் ஆழமான கேடு இருக்கிறது. வார்டில் வென்று வந்த பெண்ணின் நாற்காலியிலேயே கணவர் உட்காரும் ஊர்கள் இருக்கின்றன. என்றாலும் அந்தப் பெண் ஒருநாள் நிமிர்ந்து, ‘இத்தனை பேர் எனக்கு ஓட்டுப் போட்டார்கள்’ என்று சொல்ல முடியும். நியமிக்கப்பட்டவருக்குப் பின்னால் இருப்பது ஓர் அதிகாரியின் கையெழுத்து. அந்தக் கையெழுத்து வரை கோப்பை நகர்த்தியவருக்கு அவர் கடமைப்பட்டவராகிறார். இந்த இடங்கள் பெரும்பாலும் ஆளுங்கட்சிக்கு வேண்டியவர்களிடமே போய்ச் சேரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அத்தனைக்கும் சேர்த்து ஊராட்சிக்கு ஓர் இடம் என்றால், அதிகம் படித்த, அதிகம் பேசத் தெரிந்த ஆணுக்கே அது முதலில் கிடைக்கும். காது கேளாத பெண் வரிசையின் கடைசியில் நிற்பார்.

வேறு வழியில்லை என்பது உண்மையல்ல. உகாண்டாவின் 1997ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு இரண்டு இடங்கள் தருகிறது. அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். அவர்கள் நியமிக்கப்படுபவர்கள் அல்ல, தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்துக்கு 1999இல் கட்சிப் பட்டியலில் நின்று வந்த வில்மா நியூஹவுட் காது கேளாதவர். நியூசிலாந்தில் 2011இல் காது கேளாத மோஜோ மேதர்ஸ் உறுப்பினரானபோது, விவாதங்களை அவருக்காக எழுத்தில் தருபவருக்கான செலவு யாருடையது என்று முதலில் இழுபறி நடந்தது. கடைசியில் நாடாளுமன்றமே ஏற்றது. அவர் மக்கள் வாக்கில் வந்த உறுப்பினர் என்பதால் அவையால் அவரைத் தட்டிக்கழிக்க முடியவில்லை.

அரசமைப்பைத் திருத்தும் அதிகாரம் சென்னைக்கு இல்லை என்று சிலர் வாதிடுவார்கள். சரி. தமிழக உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் 2016 முதல் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. அவற்றில் மாற்றுத்திறனாளிப் பெண்களை நிறுத்த எந்தத் திருத்தமும் தேவையில்லை. கிராம ஊராட்சி வார்டுகளில் கட்சிச் சின்னம்கூட இல்லை. ஆனால் ஊருக்குள் யாரை நிறுத்துவது, யாரை விலகச் சொல்வது என்று முடிவு செய்வது கட்சிக்காரர்கள்தான். ஒன்றிய, மாவட்ட வார்டுகளிலோ சின்னமே அவர்களுடையது. அவையில் இந்தச் சட்டத்தை ஆதரித்துப் பேசிய எந்தக் கட்சியும் தன் வேட்பாளர் பட்டியலில் இத்தனை மாற்றுத்திறனாளிப் பெண்கள் இருப்பார்கள் என்று உறுதி சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. நியமனம் அவர்களுக்கு வசதியாகிவிட்டது. சீட்டுக் கேட்டு வருபவரிடம், ‘உங்களுக்குத்தான் தனி இடம் இருக்கிறதே’ என்று இனி சொல்லலாம்.

கள்ளக்குறிச்சி உள்ளிட்ட ஒன்பது மாவட்ட மன்றங்களின் பதவிக்காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. அடுத்த தேர்தலில் திருநாவலூர் ஒன்றியத்தின் பெண்கள் வார்டுகளுக்கு யார் யாரை நிறுத்தப்போகிறோம் என்று கட்சிகள் இப்போதே சொல்லட்டும். சைகைமொழி பெயர்ப்பாளருக்கான கூலியை மன்றக் கூட்டச் செலவில் சேர்க்க அரசு ஆணை போடட்டும். அதற்குப் பிறகு முதல் படியைப் பற்றிப் பேசலாம்.