நாஷ்வில்லில் சத்தம் குறையவில்லை, கோல்தான் விழவில்லை

நாஷ்வில்லுக்கு ஆடப் போகும் ஐஸ் ஹாக்கி அணி ஊரையே எதிர்த்துத்தான் ஆட வேண்டும். பிரிட்ஜ்ஸ்டோன் அரீனா இருப்பது பிராட்வே தெருவில். இரு பக்கமும் மதுக்கடைகள், கடைக்குக் கடை மேடை, பகலிலேயே தொடங்கிவிடும் கிட்டார். கிராண்ட் ஓலே ஆப்ரி வானொலி நிகழ்ச்சி 1943 முதல் 1974 வரை நடந்த ரைமன் அரங்கமும் பக்கத்திலேயே. கன்ட்ரி இசையின் தலைநகர் என்று பெயர் வாங்கிய இந்த ஊர், ஏழு ஆட்டத் தொடரான 2017 ஸ்டான்லி கோப்பை இறுதியில் தன் பாட்டு மொத்தத்தையும் பிரிடேட்டர்ஸ் அணிக்காக இறக்கியது. தேசிய கீதம் பாட ஆட்டத்துக்கு ஒரு நட்சத்திரம் வந்தார். கோல் விழுந்தால் பாடகர் டிம் மெக்ராவின் பாட்டை ரசிகர்கள் தங்கள் வரிகளை ஏற்றிப் பாடினார்கள். பனித்தளத்தில் ரசிகர்கள் எறிந்த கெளுத்தி மீன் வந்து விழுந்தது. உள்ளே இடம் கிடைக்காத பல்லாயிரம் பேர் தெருவில் திரை முன் நின்றார்கள்.

அத்தனை ஆரவாரம் இருந்தும் கோப்பை பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸுக்குப் போனது. ஏன் என்பதை இன்றும் அலசத்தான் வேண்டும்.

சொந்த மண் பலம் பொய்யில்லை. பிட்ஸ்பர்க்கில் நடந்த முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்று வந்த அணி, மூன்றாவது ஆட்டத்தில் முதல் கோலையும் வாங்கிக்கொண்டது. அதன்பின் ரோமன் யோசி ஒன்று, அடுத்த 42 விநாடியில் ஃபிரெடரிக் கோட்ரோ ஒன்று. முடிவு 5-1. பிட்ஸ்பர்க்கின் சிட்னி கிராஸ்பி, எவ்கெனி மால்கின் இருவராலும் அன்று கோலை நோக்கி ஒரு ஷாட்கூட அடிக்க முடியவில்லை. நான்காவது ஆட்டம் 4-1. தொடர் 2-2.

ஆனால் கூச்சலை ஒதுக்கிவிட்டு நாஷ்வில் கோல்கீப்பர் பெக்கா ரின்னேயின் கணக்கைப் பாருங்கள். முதல் இரண்டு ஆட்டங்களில் 36 ஷாட்டுக்கு 8 கோல் விட்டவர், நாஷ்வில்லில் 52 ஷாட்டுக்கு 2 மட்டுமே விட்டார். ஐந்தாவது ஆட்டத்துக்கு மறுபடி பிட்ஸ்பர்க் போனதும் முதல் பகுதியிலேயே 3 கோல் வாங்கி வெளியே உட்கார வேண்டியதாயிற்று. அந்த ஆட்டம் 0-6. இத்தனைக்கும் முதல் ஆட்டத்தில் நாஷ்வில் தடுப்பாளர்கள் 37 நிமிடம் எதிரணியை ஒரு ஷாட்கூட அடிக்க விடவில்லை. அப்படி ஆடியும் தோற்றார்கள். ரின்னே நின்றால் அணி நின்றது, அவர் சரிந்தால் அணியும் சரிந்தது. சொந்த ஊர்ச் சத்தம் அவரைத் தூக்கி நிறுத்தியது என்றே நான் நம்புகிறேன். ஆனால் அந்தச் சத்தத்தை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போக முடியாதே.

ஜூன் 11, ஆறாவது ஆட்டம், நாஷ்வில். பாடகி ஃபெயித் ஹில் கீதம் பாடினார். இரண்டாவது பகுதியின் தொடக்கத்தில் பிட்ஸ்பர்க் கோல்கீப்பர் மேட் மரே பக்கை (ஆடும் வட்டை) அமுக்கிவிட்டதாக நினைத்து நடுவர் விசில் ஊதிவிட்டார். பக் மரேயின் பின்னால்தான் கிடந்தது. நாஷ்வில்லின் கோல்டன் சிசன்ஸ் அதை உள்ளே தள்ளினார். விசில் ஒலித்துவிட்டதால் கோல் இல்லை. விதிப்படி அதை மறுபரிசீலனை செய்யவும் வழி இருக்கவில்லை. நாஷ்வில் ரசிகர்கள் இன்னும் இந்த விசிலைத்தான் பேசுகிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. அது கோல்தான்.

இருந்தாலும் தோல்விக்கு விசிலைக் காரணம் சொல்ல மாட்டேன். மூன்றாவது பகுதியில் எதிரணியில் இருவர் தண்டனைப் பெட்டியில் உட்கார, ஐந்துக்கு மூன்று பேர் என்ற வாய்ப்பு அரை நிமிடம் கிடைத்தது. அப்போதும் கோல் வரவில்லை. நாஷ்வில்லின் முதன்மை சென்டர் ரயன் ஜோஹான்சன் முந்தைய சுற்றிலேயே காயத்தால் விலகியிருந்தார். நடுவில் ஆட்டத்தை ஆள ஆளில்லாத அணி, கிராஸ்பி, மால்கின் என்று இரண்டு சென்டர்களை வைத்திருந்த அணியோடு மோதியது. என் கணக்கில் தொடரைத் தோற்றது அங்கேதான்.

முடிய 95 விநாடி இருந்தபோது பின்பலகையில் பட்டுத் திரும்பிய பக்கை, கோல் கோட்டுக்குப் பின்னாலிருந்து ரின்னேயின் மேல் மோதவைத்து உள்ளே அனுப்பினார் பேட்ரிக் ஹார்ன்க்விஸ்ட். 2005 டிராஃப்டில் (புதிய வீரர் தேர்வில்) கடைசி ஆளாக, 230-வது இடத்தில், நாஷ்வில் எடுத்து வளர்த்த பிள்ளை அவர். 2014-இல் பிட்ஸ்பர்க்குக்கு மாற்றிவிட்டார்கள். காலிக் கோலில் இன்னொன்று விழ, 2-0.

அடுத்த ஆண்டு லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தது நாஷ்வில். பிராட்வேயில் அதே கூட்டம், அதே பாட்டு. இரண்டாவது சுற்றில் வின்னிபெக் ஜெட்ஸ் அங்கே வந்து, ஏழாவது ஆட்டம் உட்பட மூன்று ஆட்டங்களை வென்று போனது. சொந்த மைதானத்தை நம்பிக் கோப்பைக் கனவு காணும் எந்த அணியும் முதலில் சென்டர்களைத் தேடட்டும். நாஷ்வில் ரசிகர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. அவர்கள் கடைசி நிமிடம் வரை பாடினார்கள்.