கதிரும் சோளமும்

கோலா தெர்லாத் தேயிலை மலையில் வளரும் மாணவன் நெல்வயலைக் கண்டிரான். வழியோரக் கடைகளில் சுட்டு விற்கும் சோளத்தை நன்கறிவான். 1611-ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், இயேசுவின் சீடர் வயல்வழியே செல்கையில் கொய்தவை 'இயர்ஸ் ஆஃப் கார்ன்' எனப்படுகின்றன. அதைப் படிப்பவன் உள்ளத்தில் மலாய்க்காரர் 'ஜாகோங்' என்னும் மக்காச்சோளமே தோன்றும். ஆசிரியரும் அவ்வாறே பொருளுரைப்பதுண்டு. இது பிழை.

மக்காச்சோளம் அமெரிக்கப் பயிர். கொலம்பஸ் 1492-இல் கடல் கடந்த பின்னரே ஏனைய நாடுகளுக்கு வந்தது. பழைய ஆங்கிலத்தில் 'கார்ன்' என்றால் எந்தத் தானியமும் ஆகும். 'இயர்' என்பதும் செவியன்று. கதிரைக் குறிக்கும் அச்சொல் வேறு வேரிற் பிறந்து ஒலியால் ஒன்றாயிற்று. லூக்கா கூறும் செய்தியோ ஐயத்தை அடியோடு அகற்றும்: சீடர் கதிரைக் கையால் கசக்கி உண்டனர். கோதுமையையோ வாற்கோதுமையையோ அவ்வாறு உண்ணலாம். மக்காச்சோளத்தைக் கசக்கிப் பார்ப்பவர் கைதான் நோகும்!

கிரேக்க மூலத்திலுள்ள சொல் 'ஸ்தாக்கிஸ்'. தாளின் நுனியில் மணி பற்றி நிற்கும் பகுதி என்பதே அதன் பொருள். மணி வேறு, அது வேறு. மாற்கு நான்காம் அதிகாரத்தில் முளை, கதிர், கதிரில் நிறைந்த தானியம் என்று வளர்ச்சி முறையே பிரித்துக் கூறப்படுவது காண்க. 1871-இல் வெளிவந்த போவர் குழுவினரின் தமிழ்த் திருப்புதல் இங்குக் 'கதிர்' என்றும், சீடர் நடந்த நிலத்தைப் 'பயிர்' என்றும் கொண்டது மிகப் பொருத்தம். இன்ன தானியம் என்று மூலம் கூறாததைத் தமிழும் கூறவில்லை. இவ்விடத்தில் ஆங்கிலத்தைவிடத் தமிழே மூலத்துக்கு அணித்தாக நிற்கிறது.

'குரல்' என்று பெயர்த்திருக்கலாகாதோ எனின், ஆகாது. சங்கப் பாடல்களில் அச்சொல் தினைக்கதிருக்குப் பெரிதும் வழங்கும். குறிஞ்சி நிலத்தின் மணம் அதில் வீசும். இன்றைய மாணவனோ அதனைத் தொண்டையின் ஒலி என்றே கொள்வான். கதிர் வெளிப்படுமுன் தாளினுள் கருவாய் அடங்கிய நிலைக்குப் 'பீள்' என்னும் தனிச்சொல்லும் நம்மிடம் உண்டு. பாடஞ் சொல்லும்போது இவற்றையும் எடுத்துக்காட்டலாம்.

நிற்க. ரோமர் நிருபத்தின் இறுதியில் பவுல் வாழ்த்தும் அன்பர் ஒருவர் பெயர் ஸ்தாக்கி. பெயரைப் பெயராகவே விட்டது முறையே. ஆயினும் அவர் பெயரும் 'கதிர்' என்பதை ஆசிரியர் வகுப்பில் சொன்னால், மாணவர் அச்சொல்லை மறவார்.