கேட்டுலகப் புனைவுகளில் இயந்திரமும் தொழிலாளியும்

வாழ்வு எவ்வாறு அமைய வேண்டும் என்று கனவு காண்பது இலக்கியத்தின் பணிகளுள் ஒன்று. அஃது எவ்வாறு அமைந்துவிடக் கூடாது என்று எச்சரிப்பதும் இலக்கியத்தின் பணியே. முன்னதற்குத் தாமஸ் மோர் 1516ஆம் ஆண்டில் வெளியிட்ட 'உட்டோப்பியா' வழிகாட்டிற்று. பின்னதனைக் கேட்டுலகப் புனைவு எனலாம். இவ்வகைப் படைப்புகள் இருபதாம் நூற்றாண்டில் பெருகியமைக்குத் தொழிற்சாலையின் வளர்ச்சி தலையாய காரணங்களுள் ஒன்றாகும். இவை இயந்திரத்தை வெறுப்பவை என்று கருதுவோர் பலர். அக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதை நான்கு படைப்புகளின் துணைகொண்டு ஆராய்தல் தகும்.

காலப் பின்னணி

அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர், கையில் நேரங்காட்டியுடன் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் அளந்தவர். இதுகாறும் மனிதன் முதன்மை பெற்றான், இனி முறைமையே முதன்மை பெறும் என்னும் கருத்தை 1911இல் வெளியிட்ட தம் நூலில் அவர் ஒளிவுமறைவின்றிக் கூறினார். 1913இல் ஹென்றி ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் பொருத்து வரிசை ஏற்பட்டது. ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பொருத்தப் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த நிலை மாறி, அடுத்த ஆண்டிற்குள் 93 நிமிடமே போதும் என்றாயிற்று. ஆனால், ஒரே திருகாணியை நாள் முழுதும் முடுக்கும் சலிப்புத் தாளாமல் தொழிலாளர் கூட்டங் கூட்டமாக விலகினர். அவர்களை நிறுத்திவைக்க 1914 ஜனவரியில் நாளொன்றுக்கு 5 டாலர் ஊதியம் அறிவிக்க வேண்டியதாயிற்று. இவ்விருவரின் நிழல் பின்வந்த புனைவுகளின்மேல் நெடுங்காலம் படிந்திருந்தது.

விலையால் அளத்தல்

'ரோபோ' என்னும் சொல்லை உலகிற்கு அளித்தது செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாபெக்கின் 'ஆர்.யூ.ஆர்.' நாடகம். 1920இல் நூலாக வெளிவந்த இந்நாடகம், 1921 ஜனவரியில் பிராக் நகரின் தேசிய அரங்கில் நடிக்கப்பட்டது. பண்ணையாருக்குக் குடியானவன் கூலியின்றிச் செய்த கட்டாய வேலையைக் குறிக்கும் 'ரொபோட்டா' என்னும் செக் சொல்லே இதன் வேர். இதனை எடுத்துக் கொடுத்தவர் சாபெக்கின் தமையனாரான ஓவியர் யோசப். ஆகவே, ரோபோ என்ற சொல் பிறக்கும்போதே அடிமைத்தனத்தின் வடுவோடு பிறந்தது என்க.

சாபெக்கின் ரோபோக்கள் இரும்பாலானவை அல்ல. தசை போன்ற பொருளால் ஆக்கப்பட்டவை. சிறந்த தொழிலாளி யார் என்ற வினாவிற்கு, மிக மலிவானவனே, தேவைகள் மிகக் குறைந்தவனே என்று தொழிற்சாலைத் தலைவன் டோமின் விடை தருகிறான். ரோபோக்களுக்கு வலியுணர்வு ஊட்ட ஓர் ஆய்வாளர் முனைகிறார். இரக்கத்தினால் அன்று, வலி தெரியாத ரோபோக்கள் தம் உறுப்புகளைச் சிதைத்துக்கொள்வதால் முதலாளிக்கு ஏற்படும் இழப்பைத் தடுக்கவே! முடிவில் ரோபோக்கள் கிளர்ந்தெழுந்து மனித இனத்தை அழிக்கின்றன. அல்குவிஸ்ட் என்னும் கட்டடக்காரர் ஒருவரை மட்டும் விட்டுவிடுகின்றன. அவரும் தம்மைப்போலக் கையால் உழைப்பவர் என்பதே காரணம். உழைப்பை இழிவென எண்ணிய உலகில் உழைப்பே ஒருவரைக் காத்தது என்னும் இம்முரணில்தான் நாடகத்தின் உயிர் இருக்கிறது.

காலத்தால் அளத்தல்

ரஷ்ய எழுத்தாளர் யெவ்கேனி சமியாட்டின் கப்பற் பொறியியலார். 1916 முதல் 1917 வரை இங்கிலாந்தில் பனியுடைக்கும் கப்பல்களின் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டவர். அவர் 1920-21இல் எழுதிய 'நாம்' என்னும் புதினம், 1924இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக நியூயார்க்கில் வெளிவந்தது. சோவியத் நாட்டில் 1988வரை அது வெளிவர இயலவில்லை.

அப்புதினத்தில் மக்களுக்குப் பெயரில்லை, எண்களே உண்டு. கால அட்டவணைப்படி அனைவரும் ஒரே நொடியில் எழுந்து, ஒரே நொடியில் உண்கின்றனர். டெய்லர் அங்குப் பேரறிஞராகப் போற்றப்படுகிறார். விண்கலச் சோதனையின்போது நெருப்பில் பணியாளர் சிலர் கருகி மாய்ந்தும், ஏனையோரின் வேலைத் தாளம் தவறவில்லை. அதனைக் கதைத்தலைவன் பெருமிதத்துடன் குறித்து வைக்கிறான். ஈற்றில் கற்பனையாற்றலை அறுத்தெறியும் மருத்துவம் அவனுக்கும் செய்யப்படுகிறது. தான் விரும்பிய பெண் வதைபடுவதைச் சலனமின்றிப் பார்த்திருக்கிறான். இயந்திரம் மனிதனைக் கொல்லவில்லை, மனிதனே இயந்திரமாகிவிட்டான். அச்சம் தரும் முடிவு இதுவே.

நிறைவால் அளத்தல்

ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'துணிவுமிகு புத்துலகு' 1932இல் வெளிவந்தது. அவ்வுலகின் ஆண்டுக் கணக்கு ஃபோர்டின் 'டி' வகைக் கார் தோன்றிய 1908இலிருந்து தொடங்குகிறது. சிலுவைகளின் தலை வெட்டப்பட்டு 'டி' வடிவம் பெறுகிறது. ஒரே கருவிலிருந்து 96 மனிதர்கள்வரை வார்த்தெடுக்கப்படுகின்றனர்.

இந்நூலில் பலர் கவனியாது செல்லும் ஓர் இடம் உண்டு. வேலையைக் குறைக்கும் கண்டுபிடிப்புகள் ஏராளமாக இருந்தும் ஆட்சியாளர் அவற்றை வேண்டுமென்றே முடக்கி வைத்திருக்கின்றனர். அயர்லாந்தில் வேலை நேரத்தை நான்கு மணியாகக் குறைத்துப் பார்த்ததாகவும், அமைதியின்மையும் 'சோமா' என்னும் மயக்க மருந்தின் பயன்பாடும் பெருகியதாகவும் ஆட்சித் தலைவர் ஒருவர் கூறுகிறார். ஓய்வைப் பயன்படுத்தும் உள்ளம் கருவிலேயே நசுக்கப்பட்டபின், ஓய்வு சுமையாகாமல் வேறென்னாகும்? இயந்திரம் தரும் ஓய்விற்கு மனிதனைப் பக்குவப்படுத்துவது கல்வியின் கடமை என்பதை ஆசிரியர் உலகம் இங்கு உணர வேண்டும்.

பயனால் அளத்தல்

அமெரிக்கரான கர்ட் வானகட், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் பணியாற்றியவர். மனிதக் கையின்றித் தானே உலோகம் வெட்டும் இயந்திரத்தை அங்குக் கண்டார். அதன் விளைவே 1952இல் வெளிவந்த 'தானியங்கிப் பியானோ' என்னும் புதினம்.

அதில் ரூடி என்றொரு முதியவன் வருகிறான். கடைசல் வேலையில் வல்லவன். அவன் கையசைவுகளை நாடாவில் பதிவு செய்து, அந்நாடாவைக் கொண்டே இயந்திரங்களை இயக்குகின்றனர். அவனுக்கோ வேலையில்லை. எனினும், பலருள்ளும் தன்னையே தேர்ந்தெடுத்தார்கள் என்று அவன் பெருமைப்படுகிறான்! நான்கு படைப்புகளிலும் நெஞ்சை மிகவும் உருக்கும் இடம் இதுவே. பின்னர் மக்கள் இயந்திரங்களை அடித்து நொறுக்குகின்றனர். ஆயினும், சிதறிய பகுதிகளைப் பொறுக்கிப் பழுதுபார்க்கவும் அவர்களே முந்துகின்றனர். பழுதுபார்க்கும் அந்தக் கைகளில் அழிக்க முடியாத ஆக்க இன்பம் தெரிகிறது.

ஒரு குறை

இப்படைப்புகளுக்குப் பொதுவானதொரு குறையும் உண்டு. டோமின் தொழிற்சாலைத் தலைவன். 'நாம்' புதினத்தின் தலைவன் பொறியாளன். வானகட்டின் கதைத்தலைவன் மேலாளன். ஹக்ஸ்லியிடமோ ஆட்சித் தலைவரே உலகின் இயல்பை விளக்குகிறார். மேலிருந்து பார்ப்போரின் கண்கள் இவை. தொழிலாளியின் குரல் அரிதாகவே ஒலிக்கிறது. ரூடிக்குக் கிடைப்பவையும் சில பக்கங்களே.

வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது. 1811இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் வட்டாரத்தில் காலுறை நெய்வோர் தறிகளை உடைத்தனர். கண்ணில் பட்டவற்றையெல்லாம் அவர்கள் உடைக்கவில்லை. கூலியைக் குறைத்து, மட்டமான சரக்கை விற்ற முதலாளிகளின் தறிகளையே தேர்ந்து உடைத்தனர். 1812இல் நாடாளுமன்றம் அக்குற்றத்திற்கு மரண தண்டனை விதித்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் அவையில் அதனை எதிர்த்துப் பேசினார். இயந்திரம் யாருக்கு உரியது, அதன் பயன் யாரைச் சேர்கிறது என்பதே அந்நெசவாளரின் வழக்கு. மேற்கண்ட புனைவுகளில் அவ்வழக்கு மங்கிவிடுகிறது.

முடிவுரை

ஆக, இயந்திரத்தின்மேல் வெறுப்பைக் கக்குவது இவற்றின் நோக்கமன்று. விலை, காலம், நிறைவு, பயன் என்னும் ஏதேனும் ஒரே கோலால் மனிதனை அளந்தால் நேரும் கேட்டினையே இவை காட்டுகின்றன. இவ்வெச்சரிக்கை பழமையடைந்துவிடவில்லை. 2023இல் அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சி எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்தம் கோரிக்கைகளுள் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதற்கு வரம்பு விதிப்பதும் ஒன்று. தம் உழைப்பின் பதிவே தம் இடத்தைப் பறித்துவிடுமோ என்னும் ரூடியின் துயரம், கடைசற் பட்டறையைக் கடந்து எழுதுகோல் பிடித்தவரையும் எட்டிவிட்டது.

இந்நூல்களை வகுப்பறையில் அறிமுகப்படுத்தும் ஆசிரியர், இயந்திரம் நல்லதா தீயதா என்று மாணவரைக் கேட்பதில் பயன் குறைவு. ஒரு மனிதனின் வேலை போனபின்னும் அவனிடம் மதிப்பதற்கு உரியது எது என்று கேட்க வேண்டும். அவ்வினாவிற்கு விடை சொல்லத் தெரிந்த தலைமுறை எந்த இயந்திரத்திற்கும் அஞ்ச வேண்டியதில்லை.