கண்ணகி வேஷம் யாருக்கு?
புறநகர் அரசுப் பள்ளியின் மேடை குறித்து ஒரு விமர்சனம்

பாடநூல்களை நாம் நிறையவே விமர்சித்திருக்கிறோம். எந்தப் பாடத்தில் அம்பேத்கர் இல்லை, எந்தப் படத்தில் துப்புரவுத் தொழிலாளி மட்டும் கறுப்பாக இருக்கிறார், எந்தக் கதையில் சேரி என்ற சொல் வசவாக வருகிறது என்று வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்டிருக்கிறோம். சமச்சீர் பாடத்திட்டத்துக்காக 2011இல் உச்ச நீதிமன்றம்வரை வழக்கு போனது. ஆனால் அதே பள்ளியின் இலக்கிய மன்றம், பேச்சுப் போட்டி, ஆண்டு விழா நாடகம், கபடி அணி இவையெல்லாம் விமர்சனத்துக்குரிய பிரதிகளாக எடுத்துக்கொள்ளப்படுவது அரிது. 'பசங்க விளையாட்டு' என்று சொல்லிவிடுகிறார்கள். மதிப்பெண் கிடையாது, அதனால் மதிப்பும் கிடையாது.

என் வாதம் இதற்கு நேர் எதிரானது. பாடநூல் கன்னியாகுமரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஒன்றுதான். அதில் உள்ள சாதி அச்சில் இருக்கிறது. விரல் வைத்துக் காட்டலாம், வழக்குப் போடலாம். மன்றத்துக்கு அப்படி அச்சடித்த பிரதி கிடையாது. யார் பேசுவது, யார் ஆடுவது, யார் நாற்காலி தூக்குவது என்று ஒரு ஆசிரியர் வெள்ளைத் தாளில் எழுதும் பட்டியல்தான் அதன் பிரதி. விழா முடிந்ததும் அந்தத் தாள் குப்பைக்குப் போய்விடுகிறது. சாட்சியமே மிச்சம் வைக்காமல் சாதி வேலை செய்வதற்குப் பள்ளியில் இதைவிட வசதியான இடம் வேறில்லை. ஆகவே அந்தப் பட்டியலைத்தான் நாம் வாசிக்க வேண்டும்.

1

முதலில் இடம். சென்னையின் தெற்கே, பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய புறநகரைச் சொல்கிறேன். ஒரு பக்கம் கணினிக் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள். இன்னொரு பக்கம் 2000ஆம் ஆண்டுவாக்கில் உருவான கண்ணகி நகர், அடுத்து செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்டுபோய் இறக்கிய பெரும்பாக்கம். படிப்பாண்டின் நடுவிலேயே வீடு இடிபட்டு, பாதிப் பாடத்தோடு பள்ளி மாறிய பிள்ளைகள் உண்டு. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. பேர் மாறிச்சு, தூரம் மாறல.

நகரத்தின் விளிம்பில் பள்ளி என்பது நம் மக்களுக்குப் புதிதல்ல. 1894இல் அடையாற்றை ஒட்டிய ஊரூரில் பஞ்சமர் பிள்ளைகளுக்காக ஆல்காட் இலவசப் பள்ளி தொடங்கினார். ஊரூர் அன்றைக்கு ஊருக்கு வெளியே. அன்று கேட்டது உட்கார ஒரு இடம். இன்று இடம் இருக்கிறது. அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். மேடை என்று வந்தால்தான் பெஞ்சு பிரிகிறது. பழைய ஊர்க்காரர் பிள்ளைகள் ஒரு பக்கம், 'ஹவுசிங் போர்டு பசங்க' ஒரு பக்கம். சாதிப் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. உச்சரிக்கத் தேவையும் இல்லை. 'போர்டு' என்றாலே போதும், கேட்கிறவர்களுக்குப் புரிந்துவிடும்.

2

இந்தப் பகுதியில் ஒரு பள்ளி. பெயர் வேண்டாம், ஏனென்றால் இது ஒரு பள்ளியின் குற்றமல்ல. ஆண்டு விழாவுக்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நாடகமாகப் போட்டார்கள். தமிழ்ப் பள்ளிகளில் இது வழக்கமான நாடகம்தான். எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வாட்டசாட்டமான குரல், கண்ணகியின் வசனம் முழுக்க மனப்பாடம். "எனக்கு வாயிற்காவலன் வேஷம்க்கா. ரெண்டே டயலாக்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "கண்ணகிக்குக் கொஞ்சம் களையா இருக்கணுமாம்."

களை என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். அது நிறத்துக்குப் பள்ளிக்கூடம் வைத்திருக்கும் மரியாதையான பெயர்.

தமிழ் படித்தவள் என்கிற முறையில் இந்த இடத்தில் பிரதியை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இளங்கோ காட்டும் கண்ணகி எப்படி இருக்கிறாள்? புகாரிலிருந்து மதுரைவரை வெயிலில் நடந்து வந்தவள். மதுரைக்குள் நுழையுமுன் அவள் தங்கிய இடத்தின் பெயரிலேயே ஒரு காதை இருக்கிறது: புறஞ்சேரி இறுத்த காதை. அங்கே வாழ்ந்தவர்கள் வேறு வகையினர்தான், இன்றைய சேரியை அதன் மேல் நான் ஏற்றிச் சொல்லவில்லை. ஆனால் மதிலுக்கு வெளியே இருந்து வந்தவள் என்பது உறுதி. அரசவைக்கு வரும்போது உடம்பெல்லாம் புழுதி, தலைமயிர் அவிழ்ந்து கிடக்கிறது, கையில் ஒற்றைச் சிலம்பு, கண்ணில் நீர். அந்தக் கோலத்தைப் பார்த்தே அரசன் நடுங்குகிறான். இதில் பவுடரும் களையும் எங்கே வந்தன? காப்பியத்தின்படி பார்த்தால் அந்த மேடையில் கண்ணகியாக நிற்கத் தகுதி, தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடிவிட்டு அப்படியே ஒத்திகைக்கு வருகிற எங்கள் பெண்ணுக்குத்தான் அதிகம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். காப்பியத்தில் கண்ணகியின் சீற்றத்தை அரசனுக்கு எடுத்துச் சொல்பவன் வாயிலோன். கொற்றவையோ காளியோ என அஞ்சும்படி ஒருத்தி வாசலில் நிற்கிறாள் என்பான். அடுத்தவள் கோபத்தை வர்ணிக்கும் வேலை எங்கள் பெண்ணுக்கு. கோபப்படும் உரிமை களை உள்ளவளுக்கு. வழக்குரைக்க ஒருத்தி, வாசலில் நிற்க ஒருத்தி. ஒரு ஆண்டு விழா நாடகத்தில் இவ்வளவு அரசியலா என்று சிரிக்கலாம். கண்ணகி சிலையை 2001இல் கடற்கரையிலிருந்து அகற்றியபோது தமிழ்நாடே பேசியது, 2006இல் திரும்ப வைத்தபோதும் பேசியது. சிலைக்கு அவ்வளவு அரசியல் இருக்குமானால், அந்தப் பெயர் வைத்த நகரில் வளரும் பெண் அந்த வேஷத்தைக் கட்ட முடியாததில் அரசியல் இருக்கக் கூடாதா?

3

அடுத்தது பேச்சுப் போட்டி. அதே வட்டாரத்தில் வேறொரு பள்ளியில் நடுவராக உட்கார்ந்தேன். தலைப்பு தண்ணீர்ச் சிக்கனம். கையில் கொடுத்த தாளில் உச்சரிப்புக்கும் குரல் வளத்துக்கும் சேர்த்துப் பொருளைவிட அதிக மதிப்பெண். முதலில் பேசிய மாணவன் அடுக்குமொழியில் அருவியாகக் கொட்டினான். யார் எழுதிக் கொடுத்தது என்பது கேட்ட எல்லோருக்கும் தெரியும். அவன் வாய் வாடகைக்குப் போயிருந்தது. ஐந்தாவதாக வந்தவன் ஹவுசிங் போர்டு பையன். "லிப்டு ரிப்பேரு. எங்கம்மா ஏழாவது மாடிக்குக் கொடம் தூக்கும். சிக்கனமா இருங்கன்னு எங்களுக்கு யாரும் சொல்ல வேணாம். சொல்ல வேண்டிய எடம் ரோட்டுக்கு அந்தாண்ட இருக்குது" என்றான். அவ்வளவுதான், ஒன்றரை நிமிடம். அரங்கில் ஆரவாரம்.

பக்கத்திலிருந்த மூத்த நடுவர் நல்ல மனிதர். "பையன் விஷயம் உள்ளவன்தாம்மா, ஆனா தமிழ் சுத்தமா இல்லையே" என்றார். வாதாடினேன். கடைசியில் அவனுக்கு ஆறுதல் பரிசு. ஆறுதல்! யாருக்கு யார் சொல்லும் ஆறுதல்?

இங்கே மோதியவை இரண்டு தமிழ். மேடைத் தமிழ் நம் எதிரியல்ல. திராவிட இயக்கம் அந்தப் பேச்சைக் கொண்டுதான் சைக்கிள் கடையிலும் சலூனிலும் அரசியலைக் கொண்டுவந்தது. ஆனால் அன்று எதிராளியைக் கேள்வி கேட்கப் பிறந்த பேச்சு இன்று பள்ளிக்குள் உச்சரிப்புப் பரீட்சையாகச் சுருங்கிவிட்டது. கேள்வி போய்விட்டது, எதுகை மோனை மிச்சம். 'சுத்தமான தமிழ்' என்ற சொல்லில் உள்ள சுத்தம் எங்கிருந்து வந்தது என்று தமிழாசிரியர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். குடத்துக்கும் தெருவுக்கும் பார்த்த அதே சுத்தம்தான் நாக்குக்கும் வந்திருக்கிறது.

4

"நாங்க ஜாதி பாக்கறதே இல்ல, திறமைதான் பாக்கறோம்" என்பது ஆசிரியர்கள் எப்போதும் சொல்லும் பதில். பலர் அதை மனசாரவே சொல்கிறார்கள். ஆனால் திறமைக்கு ஒரு விலை இருக்கிறது. ஒத்திகை என்றால் நாலரை மணிக்கு மேல். நடன உடை வாடகை தலைக்கு இவ்வளவு. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். கடைசிப் பேருந்தும், வீட்டில் தனியாக இருக்கும் தம்பியும், கேட்டரிங் வேலைக்குப் போக வேண்டிய ஞாயிறும் இந்தக் கணக்கில் வருவதில்லை. தேர்வு நடப்பதற்கு முன்பே தேர்வு நடந்து முடிந்துவிடுகிறது.

2024இல் வந்த மாரி செல்வராஜின் 'வாழை' படத்தைப் பலரும் அழுது பார்த்தார்கள். அது தெற்கத்தி கிராமம், புறநகர் அல்ல. ஆனால் கணக்கு இதேதான். வாழைத்தார் சுமக்கப் போக வேண்டிய நாளில் சிறுவன் பள்ளி விழாவின் நடன ஒத்திகைக்குப் போகிறான். அவனை அனுப்பிவிட்டுச் சுமைக்குப் போன அக்கா லாரி கவிழ்ந்து செத்துப்போகிறாள். படத்தை ஒரு சிறுவனின் துயரமாகப் பார்த்தவர்களே அதிகம். நான் அதை ஒரு ஒத்திகையின் விலைச்சீட்டாகப் பார்க்கிறேன். நம் பிள்ளை ஒரு மணி நேரம் ஆட வேண்டுமானால் அந்த ஒரு மணி நேரத்தை வீட்டில் வேறு யாரோ சுமக்க வேண்டும்.

விளையாடுவதற்கே விலை கொடுத்த கதையும் நம்மிடம் உண்டு. பாமாவின் 'கருக்கு' வந்தது 1992இல். பள்ளி வளாகத்துத் தென்னையில் ஏறி விளையாடிய சிறுமி தேங்காய்த் திருடியாகி, தலைமையாசிரியர் வாயால் சாதிப் பெயரோடு வசவு வாங்குகிறாள். மற்ற பிள்ளைகள் செய்தால் விளையாட்டு, நாம் செய்தால் திருட்டு. அன்றைக்கு மரம் கூடாது என்றார்கள். இன்று மரத்தில் ஏறலாம், மைக்கைத்தான் தொடக் கூடாது.

5

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. 2022-23 கல்வியாண்டில் தமிழக அரசு பள்ளிகளில் கலைத் திருவிழாவைத் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டிகள். பறை பள்ளி மேடைக்கு வந்திருக்கிறது. சாவு வீட்டுக்கு என்று ஒதுக்கப்பட்ட கருவியைத் தலைமையாசிரியர் முன்னால் நின்று அடிப்பது சாதாரண விஷயமல்ல. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடியவர் கண்ணகி நகர் கார்த்திகா. முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று ஊர் பெயரை மறைத்த தலைமுறைக்கு அந்தப் பெண் ஊரையே பட்டப்பெயராக்கிக் கொடுத்துவிட்டார்.

கொண்டாடுவோம். கொண்டாடிக்கொண்டே ஒன்றைக் கேட்போம். பறை நம்முடையது, கபடி நம்முடையது, சரி. பட்டிமன்ற நடுவர்? விழாத் தொகுப்பாளர்? ஆண்டு மலரின் ஆசிரியர் குழு? அறிவியல் கண்காட்சியில் விளக்கம் சொல்பவர்? உடம்பால் செய்வதெல்லாம் உங்களுக்கு, வாயால் செய்வதெல்லாம் எங்களுக்கு என்று ஒரு பிரிவினை ஓசையில்லாமல் நடக்கிறது. அது எங்கிருந்து வந்த பிரிவினை என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நம் பக்கமும் ஒரு குரல் இருக்கிறது: "படிக்கிற புள்ளைக்குக் கூத்து எதுக்கு? நாலு மார்க் வாங்கட்டும்." பசித்தவர்களின் பயம் அது, அதை மதிக்கிறேன். ஆனால் அம்பேத்கர் அப்படி நினைக்கவில்லை. சிறுவனாகச் சாக்குத்துண்டில் தனியே உட்கார்ந்து படித்தவர், 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். அங்கே மாணவர் பாராளுமன்றம் இருந்தது. சட்ட அமைச்சராக இருந்த காலத்திலேயே அவர் அதில் வந்து பேசினார். பட்டம் வாங்குவது ஒரு பாதி, எழுந்து நின்று வழக்குரைக்கக் கற்பது மறுபாதி என்பது அந்த வாழ்க்கையிலிருந்தே நமக்குக் கிடைக்கும் பாடம்.

6

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, சமூகநீதி மாணவர் படை வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. இவை தேவை. ஆனால் கயிற்றை அறுத்துவிடலாம், பட்டியலை அறுக்க முடியாது. கையில் கயிறு இல்லாத பள்ளியிலும் கண்ணகிக்குக் களை தேடுகிறார்கள்.

எனவே சில கோரிக்கைகள். நாடகம், பேச்சு, மலர் எதுவானாலும் தேர்வை ஆசிரியரும் மாணவரும் சேர்ந்த குழு செய்யட்டும். பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும், கிழிக்காமல் கோப்பில் வைக்கட்டும். ஒத்திகை பள்ளி நேரத்துக்குள் நடக்கட்டும். உடை வாடகை பிள்ளை தலையில் விழக் கூடாது. தலைப்பை மாணவர்கள் வைக்கட்டும். மதிப்பெண் தாளில் பொருளுக்குப் பாதி ஒதுக்கட்டும். பிள்ளை எந்தத் தமிழில் யோசிக்கிறதோ அந்தத் தமிழில் பேசட்டும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அரசாணையும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

கல்லூரித் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் பகுதி அரசுப் பள்ளியின் அடுத்த ஆண்டு விழாவுக்குப் போங்கள். முன் வரிசையில் உட்காராதீர்கள், மேடைக்குப் பின்னால் போய் நில்லுங்கள். யார் பேசினார்கள், யார் திரை இழுத்தார்கள், விழா முடிந்து யார் பெருக்கினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்துப் பள்ளியின் நோட்டு சேர்ந்தால் அது ஒரு ஆவணம். சாட்சியமே இல்லை என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.