மணிமங்கலத்துக்கு ஒரு விதிப்புத்தகம்

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக மேற்கே போனால் மணிமங்கலம். பெரிய ஏரி, சோழர் காலத்துக் கோயில்கள், அவற்றை நெருங்கி வரும் வீட்டுமனைகள். 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு ஊரின் பெயர் நன்றாகப் பழக்கம். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்ம பல்லவன், சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியைப் பரியலம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் தோற்கடித்ததாகக் கூரம் செப்பேடு சொல்கிறது. சொல்வது அவ்வளவுதான். யானை எத்தனை, காலாள் எத்தனை, ஏரிக்கரையில் நின்றது யார், முதலில் கலைந்து ஓடியது எந்த அணி என்பதற்கெல்லாம் செப்பேட்டில் விடை இல்லை.

இப்படிப்பட்ட இடைவெளிகளில் புகுந்து வேலை செய்யும் ஒரு விளையாட்டு உலகில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறது. மேசைமேல் மலையும் ஆறும் அமைத்து, விரலளவுப் பொம்மைப் படைகளை நிறுத்தி, அளவுகோலும் பகடையும் கொண்டு ஒரு போரை ஆடிப் பார்க்கும் வார்கேம். இதில் ஈடுபட்டவர்களில் பெரும்பாலோர் கடையில் வாங்கிய விதிகளோடு நிற்பதில்லை. திருத்துகிறார்கள், வெட்டி ஒட்டுகிறார்கள், கடைசியில் தாங்களே எழுதுகிறார்கள். ஆட்டத்தைவிட இந்த எழுத்துதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'யானைப்படை அம்பு மழைக்குள் புகுந்தால் பகடையில் இரண்டைக் கழித்துக்கொள்' என்று ஒருவர் எழுதும்போது, யானை எதற்கு அஞ்சும், பாகன் வீழ்ந்தால் என்ன ஆகும், பழைய போர்கள் எதனால் வெல்லப்பட்டன என்பது பற்றித் தன் தீர்ப்பை எழுதிவிடுகிறார். அந்தத் தீர்ப்பை எதிரில் உட்கார்ந்திருப்பவர் அன்றைக்கே சோதித்துப் பார்த்துவிடலாம். வரலாற்றை எழுதும் வேறெந்த முறைக்கும் இந்த வசதி கிடையாது.

தொடக்கம் சதுரங்கத்தில்தான். 1780-ல் பிரன்ஸ்விக்கைச் சேர்ந்த ஹெல்விக், சதுரங்கப் பலகையை 1,617 கட்டங்களாக விரித்து, மலைக்கும் ஆற்றுக்கும் தனித்தனி நிறம் கொடுத்தார். 1812-ல் பிரஷ்ய அரசனுக்காக வான் ரைஸ்விட்ஸ் கட்டங்களை விட்டுவிட்டு, நிலத்தையே துண்டுகளாகச் செய்து அடுக்கும் மேசை ஒன்றை உருவாக்கினார். 1824-ல் அவருடைய மகன் அதை 1:8000 அளவுள்ள வரைபடத்துக்குக் கொண்டுபோய், பகடையையும் நடுவரையும் சேர்த்து, ஒரு சுற்று என்பது இரண்டு நிமிடப் போர் என்று வகுத்தார். பிரஷ்யப் படை அதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. ஆனால் அட்டவணைகள் பெருகப் பெருக அதிகாரிகள் சலித்துப்போனார்கள். 1876-ல் வெர்டி டு வெர்னுவா, அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பை நம்புங்கள் என்றார். எழுதிய விதியா, தெரிந்தவரின் வாக்கா என்ற இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. தாயக்கட்டம் வரைந்து ஆடிய எந்த வீட்டிலும் இந்த வழக்கு நடந்திருக்கும். எதிரியின் காயை வெட்டாதவர் உள்கட்டத்துக்குள் போகலாமா கூடாதா என்பதற்குத் தெருவுக்குத் தெரு விதி வேறு. தீர்ப்பு வீட்டின் மூத்தவருடையது.

ராணுவத்திடமிருந்து இந்த ஆட்டத்தைப் பொழுதுபோக்குக்காரர்களிடம் கொண்டுவந்தவர்களில் எச்.ஜி. வெல்ஸுக்கு முதலிடம் தரலாம். 1913-ல் வந்த 'லிட்டில் வார்ஸ்' சின்னப் புத்தகம்தான். வீட்டுத் தரையில் பொம்மைச் சிப்பாய்களைப் பரப்பி, சுருள்வில் பீரங்கியால் சுட்டு ஆடும் விதிகள் அதில் இருக்கின்றன. காலாள் ஒரு சுற்றில் ஓரடி, குதிரை இரண்டடி. பக்கத்தில் நான்கு பேராவது இல்லாத பீரங்கி சுடாது. விதிகள் படிப்படியாக எப்படி மாறின என்பதை வெல்ஸ் மறைக்காமல் எழுதியிருப்பதே அந்தப் புத்தகத்தின் உயிர். கைகலப்புக்கு முதலில் காசு சுண்டினார்கள். அதிர்ஷ்டம் மிஞ்சிப்போவதைக் கண்டு, தனித்துவிடப்பட்ட சிறு அணி பிடிபடும் என்றும், சமமானவர்கள் ஒருவருக்கொருவர் சமமாக மடிவார்கள் என்றும் மாற்றினார்கள். எதற்காக மாற்றினோம் என்ற குறிப்பு இல்லாத விதிப்புத்தகத்தில் பாதிதான் இருக்கிறது என்பேன்.

பின்னால் வந்தவர்களை வேகமாகக் கடந்துவிடலாம். இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையிலிருந்த டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962-ல் எழுதிய 'வார் கேம்ஸ்', விதி எழுதுவது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய காரியம் என்ற துணிச்சலை ஒரு தலைமுறைக்கே கொடுத்தது. அமெரிக்காவில் ஜெஃப் பெர்ரென் எழுதிய சில பக்க இடைக்காலப் போர்விதியை கேரி கைகாக்ஸ் விரித்தெழுதி, 1971-ல் 'செயின்மெயில்' வெளிவந்தது. அதில் மந்திரவாதிகளுக்கும் டிராகன்களுக்கும் ஒரு பின்னிணைப்பு இருந்தது. டேவ் ஆர்னசன் அதைத் தன் நண்பர்களுக்காக மேலும் திரித்து ஆடினார். 1974-ல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பிறந்தது. உலகெங்கும் பரவிய அந்த ஆட்டத்தின் வேர் நாலைந்து பக்க வீட்டு விதி.

நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டவர் ஃபில் பார்க்கர். 1969-லிருந்து பண்டைக்காலப் போர்களுக்கு விதி எழுதியவர். 1990-ல் அவர் முயற்சியில் வந்த 'டி.பி.ஏ.' விதிகளில் ஒரு படைக்குப் பன்னிரண்டே பிரிவுகள். சுற்றுக்கு ஒரு பகடை உருட்டினால், விழுந்த எண்ணிக்கை அளவுக்குத்தான் நகர்வுகள் செய்யலாம். தளபதியின் கட்டளை எல்லா மூலைக்கும் எட்டாது என்பதை ஒரே பகடையில் சொல்லிவிட்ட அழகான விதி இது. அவருடைய படைப் பட்டியல்களில் தமிழருக்கும் சிங்களருக்கும் சேர்த்து ஓர் இடம் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் ஒரே பட்டியலுக்குள். சங்ககால வேந்தனின் படையும் ராஜேந்திரனின் படையும் ஏறக்குறைய ஒரே சட்டையில் நிற்கின்றன. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கோ இங்கிலாந்தில் இருந்துகொண்டு, மொழிபெயர்ப்பில் கிடைத்ததை வைத்து அவர் அக்கறையோடு செய்த வேலை அது. கல்வெட்டைத் தமிழில் வாசிக்கக்கூடியவர்கள் செய்திருக்க வேண்டிய வேலையும் அதுவே.

அந்தக் கல்வெட்டு மணிமங்கலத்திலேயே இருக்கிறது. ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவரில் இரண்டாம் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி கொப்பத்துப் போரைப் பேசுகிறது. 1054-ஐ ஒட்டி நடந்த அந்தப் போரில், யானைமேல் இருந்தபடியே ராஜாதிராஜன் மடிந்தான். தம்பி ராஜேந்திரன் தன் யானையை முன்செலுத்தினான். யானையின் நெற்றியிலும் அவன் தொடையிலும் அம்பு தைத்தும் பின்வாங்காமல் போரை வென்று, களத்திலேயே முடிசூடினான். டி.பி.ஏ.யில் தளபதியின் பிரிவு அழிந்தால் பெரும்பாலும் ஆட்டமே போய்விடும். அந்த விதியால் கொப்பத்தை ஆடவே முடியாது. சோழர் படைக்கு விதி எழுதுகிறவர், தலைவன் வீழ்ந்தால் பட்டத்து உரிமையுள்ள இன்னொருவன் களத்தில் இருக்கிறானா என்று கேட்கும் ஒரு வரியைச் சேர்த்தே ஆக வேண்டும். இருந்தால் ஒரு சுற்றுக் குழப்பம், பிறகு புதிய தலைமை. கோயில் சுவரிலிருந்து நேராக இறங்கிவரும் விதி இது.

இந்தப் பகுதியின் நிலமும் தன் விதிகளைக் கேட்கிறது. ஐரோப்பியப் புத்தகங்களில் காடும் வேலியும் கல்சுவரும் இருக்கும். செங்கல்பட்டுச் சீமையின் போர்க்களத்தைத் தீர்மானிப்பவை ஏரிக்கரை, கலங்கல், வாய்க்கால், சேற்று வயல். கரை உயரமான மறைப்பு, கூடவே சேறில்லாத பாதை. வயல் பங்குனியில் குதிரை ஓடும் கட்டாந்தரை, கார்த்திகையில் யானையும் தயங்கும் சேறு. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் சேர்ந்துதான் அடையாறு பெருகுகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைக் கண்டவர்களுக்கு, ஆட்டம் தொடங்குமுன் மாதம் என்ன என்று கேட்கும் விதி ஏன் வேண்டுமென்று விளக்க வேண்டியதில்லை.

அதே அடையாறு கடலைத் தொடும் இடத்தில்தான் 1746-ன் போர் நடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்திருந்தார்கள். அக்டோபர் நடுவில் அடித்த புயல் அவர்களுடைய கடற்படைத் தலைவர் லா பூர்தொனேயின் கப்பல்களைச் சிதைத்திருந்தது. ஆர்க்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கான், பத்தாயிரம் பேர் என்று வழக்கமாகச் சொல்லப்படும் படையோடு சாந்தோம் பக்கம் நின்றான். நவம்பர் 4-ல் (ஆங்கிலேயரின் அன்றைய நாட்காட்டியில் அக்டோபர் 24) புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுத் தளபதி பரதி, ஆயிரத்துக்கும் குறைந்த படையோடு, பீரங்கி ஒன்றுகூட இல்லாமல் ஆற்றில் இறங்கிக் கடந்தார். அந்தப் படையில் பெரும்பகுதி சிப்பாய்கள். அடுத்தடுத்துச் சுட்ட துப்பாக்கி வரிசையும் அதன்பின் வந்த பயனெட் பாய்ச்சலும் நவாபின் படையைச் சாந்தோம் தெருக்களுக்குள் சிதறடித்தன. அந்தக் காலத்துப் புதுச்சேரியை அன்றாடம் தமிழில் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு நம் கையில் இருக்கிறது.

விதி எழுதுகிறவரின் தேர்ச்சி தெரிவது இங்கேதான். செத்தவர்களை எண்ணி வெற்றியை முடிவு செய்யும் விதியில் மாபூஸ் கான் தோற்கவே மாட்டான். படையின் மனம் உடையும் கணத்தை அளக்க வேண்டும். நெருக்கத்தில் ஒரே சுற்றில் இரண்டு முறை சுடப்பட்டால் சோதனை, பின்னால் குறுகிய தெரு இருந்தால் சோதனை கடினம் என்று எழுதலாம். எளிதான வழியும் ஒன்று உண்டு: ஐரோப்பியருக்கு உறுதி மூன்று, இந்தியருக்கு ஒன்று என்று எண் போட்டுவிடுவது. அது வரலாற்றுக்கும் பொய், ஆட்டத்துக்கும் கேடு. 1780 செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முழுதாக அழித்தார்கள். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றிய அந்தப் பகலை, இனத்துக்கு ஒரு எண் கொடுக்கும் விதி விளக்காது. உறுதி என்பது பயிற்சிக்கும் பழக்கத்துக்கும் உரியது. அதை அப்படித்தான் எழுத வேண்டும்.

நடுவில் பரங்கிமலை வேறு இருக்கிறது. பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது, 1759 பிப்ரவரி 9-ல் அங்கே ஆங்கிலேயர் தரப்புத் தளபதி கலியோவின் படை பிரெஞ்சுக்காரர்களை நாள் முழுதும் எதிர்த்து நின்றது. அவரோடு யூசுப் கான் இருந்தான், நாம் மருதநாயகம் என்று அறிந்தவன். இன்று ராணுவ அதிகாரிகள் பயிற்சி பெறும் மலை அது. தோட்ட மதில்களைக் காத்துப் போரிடும் ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான களம் சென்னையில் இல்லை.

பெரும் போர்களை விட்டுச் சின்ன மோதல்களுக்கு வருவோம். பக்கத்துக்கு ஆறேழு பொம்மைகள் போதும் என்ற சிறுமோதல் விதிகள் இன்று உலகெங்கும் விரும்பி எழுதப்படுகின்றன. இதற்குத் தமிழில் இருக்கும் மூலப்பொருள் வியப்பூட்டுவது. ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை, படையெடுப்பு வஞ்சி, மதில் வளைப்பது உழிஞை, காப்பது நொச்சி, எதிர்நின்று பொருவது தும்பை. புறத்திணை இலக்கணம் போரை நோக்கத்தின்படி பிரித்துவைத்திருக்கிறது. ஒரு நல்ல விதிப்புத்தகத்தின் களவகைப் பட்டியலும் அதைத்தான் செய்கிறது. வெட்சி ஆட்டத்தில் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேசை விளிம்பைத் தாண்டினால் வெற்றி, எதிரியைக் கொல்ல வேண்டிய அவசியமே இல்லை. செங்கம் பகுதி நடுகற்களில் பெயரோடு நிற்கும் பல வீரர்கள் இப்படிப்பட்ட மோதல்களில் விழுந்தவர்கள்.

சமனற்ற பக்கங்களைப் பற்றிய பாடத்துக்கு ஆடுபுலி ஆட்டம் இருக்கிறது. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமையே கிடையாது, சூழ்ந்து முடக்குவதுதான் அதன் வெற்றி. இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு ஆற்றல், வேறு வேறு வெற்றி. மேலைநாட்டு விதியாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதிச் சாதிக்க முயல்வதை இந்த ஆட்டம் சில வாக்கியங்களில் முடித்துவிடுகிறது.

பகடைக்கும் வெளியே போக வேண்டியதில்லை. ஆறுமுகப் பகடையில் ஒன்று விழுவதற்கும் ஆறு விழுவதற்கும் ஒரே வாய்ப்பு. ஒரு ஜோடித் தாயக்கட்டை அப்படியில்லை. 0, 1, 2, 3 என்று குறித்த இரண்டு கட்டைகளை உருட்டினால் பதினாறு வழிகள். மூன்று விழ நான்கு வழி, இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று, தாயத்துக்கும் ஐந்துக்கும் இவ்விரண்டு, ஆறுக்கு ஒன்று, இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கு ஒன்று. பயிற்சி பெற்ற படை பெரும்பாலும் எதிர்பார்த்தபடியே நடந்துகொள்ளும். எப்போதாவது ஒருமுறை யாரும் நினைக்காதது நடக்கும். அந்த இயல்புக்குத் தாயக்கட்டை ஆறுமுகப் பகடையைவிட நன்றாகப் பொருந்துகிறது. பன்னிரண்டு விழுந்தால் யானைக்கு மதம் பிடித்தது என்று வைத்துக்கொண்டால், பதினாறில் ஒரு வாய்ப்பு. அதிகமுமில்லை, குறைவுமில்லை.

பொம்மைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. நவராத்திரிக்கு மணலும் கடுகுப் பயிரும் கொண்டு மலை, குளம், தெரு அமைத்து, அளவு பார்த்துப் பொம்மை அடுக்கும் கை நம் வீடுகளில் இருக்கிறது. குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் கொலுவுக்காக ஓர் ஊரையே அமைக்கிறவர்களுக்கு மணிமங்கலம் ஏரியை அமைப்பது பெரிய வேலையாகாது. படைக்கு அட்டையில் வரைந்து வெட்டிய உருவங்கள் போதும். வெல்ஸும் புத்தகங்களையும் மரக்கட்டைகளையும் அடுக்கித்தான் மலை செய்தார்.

ஆகவே இதைப் படிக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும், கல்வெட்டு படிக்கத் தெரிந்த மாணவர்களுக்கும், வீட்டில் தாயக்கட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் போர் ஒன்றை எடுத்து நான்கு பக்கத்தில் விதி எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். ஆடிப் பார்த்துத் திருத்துங்கள். எந்த விதியை எதற்காக மாற்றினீர்கள் என்பதையும் தேதியையும் ஓரத்தில் குறியுங்கள். பிறகு ஒரு பிரதியைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குக் கொடுக்க முயலுங்கள். அடுத்து எழுதுகிறவர் உங்கள் நான்கு பக்கத்திலிருந்து தொடங்கட்டும்.