டு த போன்: நோன்புக்கும் நோய்க்கும் இடையில்

மார்ட்டி நொக்ஸன் எழுதி இயக்கிய 'டு த போன்' 2017 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டு, ஜூலையில் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. கடந்த நோன்பில் ஓர் இரவு, தறாவீஹ் முடிந்த பின், ஹல்துமுல்லையில் ராத்தாவின் வீட்டில் அவரது பதினேழு வயது மகளோடு அதனைப் பார்த்தேன். பாதிப் படத்தில் பிள்ளை சொன்னாள்: "சாச்சி, இவ நோன்பு காலத்துல எங்கட ஊட்டுல இருந்திருந்தா ஒருத்தருக்கும் வெளங்கியிருக்காது." அந்தச் சொல்தான் இதனை எழுத வைத்தது.

கதாநாயகி எலனுக்கு வயது இருபது. அவளைப் பிடித்திருப்பது அனோரெக்சியா. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும் நோய். தட்டிலுள்ள ஒவ்வோர் உணவின் கலோரியையும் மனப்பாடமாகச் சொல்கிறாள். முதுகு கன்றிப்போகும் வரை உடற்பயிற்சி செய்கிறாள். இயக்குநரும், எலனாக நடித்த லில்லி கொலின்ஸும் இந்நோயை அனுபவித்தவர்கள். அதனால் நோயாளி தன்னையும் பிறரையும் ஏமாற்றும் விதங்கள் துல்லியமாகப் பதிவாகியுள்ளன. தகப்பன் படம் முடியும் வரை தலைகாட்டுவதே இல்லை. அதுவும் நன்கு யோசித்துச் செய்ததே.

ஆனால் கெமரா எலும்புகளின் மீதே அதிக நேரம் தங்கி நிற்கிறது. ஏற்கெனவே நோயுற்ற பிள்ளைகளுக்கு இது முன்மாதிரியாகிவிடும் என்று அன்றே விமர்சனம் எழுந்தது. என் குறை வேறு. எலும்பு தெரிந்தால்தான் நோய் என்று படம் நம்மை நம்ப வைக்கிறது. சாதாரண எடையுள்ள பிள்ளையும் உண்டதை இரகசியமாக வாந்தியெடுத்துக்கொண்டிருக்கலாம். இங்கே தோட்டப்புறத்தில் மெலிந்த பிள்ளையைக் கண்டால் வறுமை, இரத்தச்சோகை என்போம். கடைவீதி வீட்டுப் பிள்ளை மெலிந்தால், "மாப்பிள்ளை பார்க்கிற வயசு, நல்லதுதானே" என்போம். அவள் ஸஹருக்கு எழும்பாமல், இப்தாரில் ஒரு பேரீச்சம்பழத்தோடு எழுந்துபோய், ரமழான் முடிந்தும் சுன்னத்தான நோன்புகளைத் தொடர்ந்தால், பேணுதலான பிள்ளை என்று பாராட்டும் கிடைக்கும்.

நோயாளிக்கு நோன்பில் சலுகையளித்தது அல்குர்ஆன். ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு சம்பவமும் நினைவுக்கு வருகிறது. அபூதர்தா (ரழி) அவர்கள் விருந்தாளிக்கு உணவு வைத்துவிட்டு, தாம் நோன்பு என்றார்கள். நீங்கள் உண்ணாமல் நான் உண்ணமாட்டேன் என்று ஸல்மான் (ரழி) அவர்கள் அமர்ந்துவிட்டார்கள், அவர்களும் உண்டார்கள். உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய ஹக்குகளை ஸல்மான் நினைவூட்டியதை நபி (ஸல்) அவர்கள் சரிகண்டார்கள். அங்கே வணக்கத்தைப் பார்த்து யாரும் வியந்து நிற்கவில்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தார்.

படத்தின் மிகச் சிறந்த காட்சியும் அத்தகையதே. இறுதியில் எலன் பெற்ற தாயிடம் போகிறாள். தாய் அவளை மடியில் சாய்த்து, குழந்தைக்கு ஊட்டுவதுபோல் போத்தலில் பால் ஊட்டுகிறாள். சிலருக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எனக்கு இல்லை. அங்கே முதன்முறையாக அவளை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை, திருத்தவில்லை. ஆனால் மடி மட்டும் இந்நோய்க்கு மருந்தாகாது, மருத்துவரும் வேண்டும். தயங்குபவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்திலிருந்து தொடங்கலாம்.

இப்படத்தைப் பிள்ளையிடம் தனியே பார்க்கக் கொடுக்க வேண்டாம். உம்மாவும் வாப்பாவும் முதலில் பார்க்கட்டும். பிறகு இப்தார் ஸஹனில் பிள்ளையின் பக்கத்தைச் சற்றுக் கவனிக்கட்டும்.